மொய் நோட்டும் ஐந்து ஸ்டாரும்

(சங்கத்தின் குடும்ப விழாவுக்காக அய்யனார் கோவிலில் நாம் கூடியபோது, மதியச் சாப்பாட்டுக்கு முன் நம் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாதவர்களுக்காக இந்தக் காலாண்டு இதழில் தருகிறோம்.)

  செயலாளர் சார் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். சாப்பாடு வந்து இறங்கிவிட்டது என்று தெரிகிறது, அதனால் முன்னதாகவே முடிக்கப் பார்க்கிறேன்.

நம் வாட்ஸ்அப் குழுவில் கொஞ்ச நாளாக ஒரு வகைச் செய்தி அடிக்கடி வருகிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். "எங்கள் பிள்ளை ஆன்லைனில் லோகோ டிசைன் வேலை ஆரம்பித்திருக்கிறாள். லிங்க் கீழே. எல்லோரும் ஐந்து ஸ்டார் போட்டு நாலு வரி எழுதுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாங்களும் போடுகிறோம்." உடனே வரிசையாகக் கட்டைவிரல்கள். ஒருவர் மட்டும், "வேலை எதுவும் வாங்காமல் என்ன எழுதுவது?" என்று கேட்டார். யாரும் பதில் போடவில்லை. ராத்திரிக்குள் அந்தக் கேள்வியை அவரே நீக்கிவிட்டார். அவர் நீக்கிய அந்தக் கேள்வியைத்தான் இன்று பேச எடுத்திருக்கிறேன்.

இது எந்த ஒரு வீட்டைப் பற்றிய பேச்சும் இல்லை. அந்தப் பெண்ணின் டிசைன்களை நான் பார்த்திருக்கிறேன், நன்றாகவே செய்கிறாள். நானும் சில வருடமாக வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன், அந்த உலகம் எனக்குத் தெரியும். திறமையில்லாதவர்கள் மட்டும் இதைச் செய்தால் பேசவே தேவையில்லை, கொஞ்ச நாளில் தானாக அடங்கிவிடும். நல்ல பிள்ளைகள், நல்ல எண்ணத்தோடு செய்கிறார்கள். அதனால்தான் பேச வேண்டியிருக்கிறது.

ஃப்ரீலான்ஸ் வேலை பற்றித் தெரியாத பெரியவர்களுக்காக முதலில் கொஞ்சம் விளக்கம். ஃபைவர், அப்வொர்க் மாதிரி தளங்கள் இருக்கின்றன. வேலை வேண்டியவரும் வேலை செய்பவரும் அங்கே சந்திக்கிறார்கள். கனடாவில் ஒருவருக்கு அவருடைய கடைக்கு ஒரு லோகோ வேண்டும், ராஜபாளையத்தில் ஒரு பெண் வரைந்து தருகிறாள். முகம் தெரியாது, ஊர் தெரியாது. அந்தக் கனடாக்காரர் எதைப் பார்த்து நம்புவார்? முன்பு வேலை வாங்கியவர்கள் எழுதிவைத்த நாலு வரியும் நட்சத்திரமும்தான். அதைத்தான் ரிவ்யூ என்கிறோம். பூஜ்யம் ரிவ்யூ இருந்தால் உங்கள் பெயர் தேடலில் எங்கோ அடியில் கிடக்கும். வேலை கிடைத்தால்தான் ரிவ்யூ, ரிவ்யூ இருந்தால்தான் வேலை. நீச்சல் தெரிந்த பிறகு கிணற்றில் இறங்கு என்று சொல்வது போலத்தான்.

இந்த முடிச்சை அவிழ்க்கப் புதியவர்கள் கண்டுபிடித்த வழிதான் மாற்று ரிவ்யூ. நான் உன்னிடம் ஐந்து டாலருக்கு ஒரு சின்ன வேலை ஆர்டர் செய்கிறேன், நீ என்னிடம் ஐந்து டாலருக்கு ஒன்று ஆர்டர் செய். வேலை நடந்ததோ இல்லையோ, இரண்டு பேரும் "அற்புதம், சொன்ன நேரத்துக்கு முன்பே முடித்தார்" என்று எழுதிக்கொள்வோம். இதற்கென்றே தனிக் குழுக்கள் நடக்கின்றன. இதில் ஒரு வேடிக்கை, ஃபைவர் விற்பவரிடம் 20 சதவீதம் கமிஷன் எடுக்கிறது. ஐந்து டாலருக்கு நாலு டாலர்தான் கைக்கு வரும். வாங்குபவரிடம் தனியாக ஒரு கட்டணமும் உண்டு. ஆக இரண்டு பிள்ளைகள் ஒருவருக்கொருவர் பொய் எழுதிக்கொள்வதற்கு, இரண்டு பக்கமும் கையிலிருந்து காசு போகிறது.

சரி, இதில் என்ன தப்பு என்று கேட்பவர்கள் எப்போதும் சொல்லும் ஒரு வாதம் உண்டு. "நம் ஊரில் மொய் செய்வதில்லையா? அதே மாதிரிதான் இதுவும்." இது லேசான வாதம் இல்லை. மாற்று ரிவ்யூவுக்கு ஆதரவாக நான் கேட்டதிலேயே வலுவான வாதம் இதுதான்.

மொய் என்றால் என்னவென்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணம், காதுகுத்து என்றால் வாசலில் ஒரு மேஜை, ஒரு நோட்டு, எழுத ஒருவர். பெயர், ஊர், தொகை. புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து என்றே தனியாக நடத்துகிறார்கள். பத்திரிகை அடித்து, ஆட்டுக்கறி போட்டு, வந்த மொய்ப் பணத்தில் கடை வைத்தவர்களும், கடனை அடைத்தவர்களும், ஆழ்துளைக் கிணறு போட்டவர்களும் உண்டு. வங்கி கைவிட்ட இடத்தில் சொந்தமும் ஊரும் சேர்ந்து ஒருவரைத் தூக்கி நிறுத்துகிறது. திரும்பச் செய்வோம் என்ற எதிர்பார்ப்பில் அசிங்கம் எதுவும் இல்லை. தொழில் ஆரம்பிக்கும் பிள்ளைக்கு ஆளுக்கு ஒரு கை கொடுப்பதும் அது மாதிரி இருக்கக் கூடாதா?

இருக்கலாம், தாராளமாக. ஆனால் மொய் நோட்டில் என்ன எழுதுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். "இன்னார், இந்த ஊர், 500 ரூபாய்." அது முழுக்க உண்மை. கொடுத்த காசு, கொடுத்தவர் பெயர். "மாப்பிள்ளை மிகவும் நல்லவர், ஐந்து ஸ்டார்" என்று மொய் நோட்டில் யாரும் எழுதுவதில்லை. மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என்று பெண் வீட்டார் விசாரிக்க வரும்போது, "அவர்கள் வீட்டு மொய் எனக்குப் பாக்கி இருக்கிறது" என்பதற்காகக் குடிகாரனை நல்லவன் என்று சொன்னால் அதற்குப் பெயர் மொய் இல்லை. மொய்யில் காசு யாருடையது? கொடுப்பவருடையது. மாற்று ரிவ்யூவில் நாம் கொடுப்பது நம் கைக்காசு இல்லை. படிக்கப் போகிற மூன்றாவது ஆளின் நம்பிக்கையை எடுத்து நாம் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மொய் எழுதிக்கொள்கிறோம். அவர் அந்த விருந்துக்கு வரவும் இல்லை, சாப்பிடவும் இல்லை.

அந்த மூன்றாவது ஆள் என்று நான் சொல்வதில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் வாடிக்கையாளர். இன்னொருவரை நாம் மறந்துவிடுகிறோம். அதே நாளில் கணக்கு ஆரம்பித்து, யாரிடமும் மாற்று கேட்காமல் உட்கார்ந்திருக்கும் இன்னொரு புதிய ஆள். நம் பிள்ளை பத்துப் பொய் ரிவ்யூவோடு மேலே போகும்போது கீழே தள்ளப்படுவது பெரிய கம்பெனி இல்லை. அவளைப் போலவே சிரமப்படும் இன்னொரு வீட்டுப் பிள்ளைதான். அது சேத்தூரிலோ தென்காசியிலோ இருக்கலாம்.

இந்த இடத்தை வைத்தே சொல்கிறேன். இந்தக் கோவிலுக்கு வருவதற்கு ஆற்றைத் தாண்ட வேண்டும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மேலே மலையில் மழை பெய்திருக்கும், திடீரென்று தண்ணீர் வந்துவிடும். கோவிலுக்கு வந்தவர்கள் இந்தப் பக்கம் சிக்கிக்கொண்டு, தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டி மீட்ட செய்தியை நாம் படித்திருக்கிறோம். அதனால் வரும் வழியில் எதிரே திரும்பி வருபவர்களிடம் கேட்கிறோம். "அண்ணாச்சி, ஆத்துல தண்ணி எவ்வளவு?" அவர் சொல்வதும் ஒரு ரிவ்யூதான். அவர் யார், என்ன தொழில், எதுவும் நமக்குத் தெரியாது. ஆனாலும் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்குகிறோம். ஏன்? அவருக்கு நம்மிடம் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை என்பதால். அங்கே வந்த ஆளுக்கு ஏதோ ஒரு கணக்கு இருந்து, அதற்காக "முழங்கால்தான், போங்க" என்று சொல்கிறார் என்று தெரிந்தால், அதற்கப்புறம் யார் சொன்னாலும் நம்ப மாட்டோம். நிஜமாகவே முழங்கால் தண்ணீர் இருக்கும்போது சொல்பவரையும் நம்ப மாட்டோம்.

லோகோவில் உயிர் போகாது என்பீர்கள். உண்மைதான். ஆனால் அதே தளங்களில் வருமான வரிக் கணக்கு போட்டுத் தருபவர்கள் இருக்கிறார்கள், மருத்துவ அறிக்கை மொழிபெயர்ப்பவர்கள் இருக்கிறார்கள், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். எந்த வேலைக்கு எவ்வளவு பொய் தாங்கும் என்று யார் அளந்து கொடுப்பது?

நண்பர்கள் மட்டுமே சேர்ந்து ரிவ்யூ எழுதினால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு லண்டனில் ஒரு கதை நடந்தது. 2017-ல் ஊபா பட்லர் என்ற பத்திரிகையாளர், தான் குடியிருந்த தோட்டக் கொட்டகையை "தி ஷெட் அட் டல்விச்" என்று ஒரு உணவகமாக டிரிப்அட்வைசரில் பதிவு செய்தார். அங்கே உணவகமே நடக்கவில்லை. தெரிந்தவர்களிடம் எல்லாம் சொல்லி ரிவ்யூ எழுத வைத்தார். லண்டனில் சுமார் 18,000 உணவகங்களில் கடைசியில் ஆரம்பித்தது, சில மாதத்தில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. போன் மேல் போன், டேபிள் இருக்கிறதா என்று. படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வரும். நிஜமாகவே சமைத்துப் போட்டு இரண்டாவது இடத்துக்குத் தள்ளப்பட்ட உணவகக்காரருக்குச் சிரிப்பு வந்திருக்காது.

இப்போது கஷ்டமான கேள்விக்கு வருகிறேன். "நாங்கள் பொய் எழுதவில்லையே. நான் அவளுக்கு வீடியோ எடிட் செய்து கொடுத்தேன், அவள் எனக்கு லோகோ போட்டுக் கொடுத்தாள். இரண்டும் நிஜ வேலை. இரண்டு பேருக்கும் பிடித்தது, எழுதினோம்." இது பண்டமாற்று. பண்டமாற்றில் நான் எந்தத் தப்பும் காணவில்லை. ரிவ்யூவிலும் தப்பு வராது, இரண்டு நிபந்தனை இருந்தால். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று எழுதும் சுதந்திரம் இருவருக்கும் இருந்திருக்க வேண்டும். தெரிந்தவர்கள், வேலைக்கு வேலை மாற்றிக்கொண்டோம் என்பது படிப்பவருக்குத் தெரிய வேண்டும். முதல் நிபந்தனைதான் நடைமுறையில் உடைகிறது. அவள் எனக்கு ஐந்து போட்டுவிட்டாள் என்று தெரிந்தபின் நான் எப்படி மூன்று போடுவேன்? மனசு வராது. நாளைக்கு லிஃப்டில் முகத்தைப் பார்க்க வேண்டாமா?

முன்பின் தெரியாதவர்களிடமே இந்தச் சங்கடம் உண்டு என்பதை இந்தத் தளங்கள் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டன. ஈபேயில் முன்பு விற்பவரும் வாங்குபவரும் ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடுவார்கள். நீ எனக்குக் கெட்டது எழுதினால் நான் உனக்கு எழுதுவேன் என்ற பயத்தில் எல்லோரும் நல்லதே எழுதினார்கள். 2008-ல் விற்பவர் வாங்குபவருக்குக் கெட்ட மதிப்பெண் போடவே முடியாது என்று மாற்றினார்கள். ஏர்பிஎன்பி 2014-ல் வேறு வழி பிடித்தது. இருவரும் எழுதி முடிக்கும்வரை, அல்லது 14 நாள் ஆகும்வரை, ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. அப்வொர்க்கிலும் இதே 14 நாள் ஏற்பாடு இருக்கிறது. அடுத்தவர் என்ன எழுதுவார் என்று தெரியாமல் எழுதினால்தான் உள்ளதை எழுதுகிறோம் என்று இத்தனை பாடுபட்டுக் கண்டுபிடித்திருக்கிறார்கள். "நீ ஐந்து, நானும் ஐந்து" என்று முன்கூட்டியே பேசிவைப்பது அந்த ஏற்பாட்டின் அடியிலேயே ஓட்டை போடுகிறது.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பயமுறுத்துவதற்காக இல்லை. நம் நாட்டில் 2020-ல் வந்த மின்வணிக விதிகள், விற்பவர் தன்னை வாடிக்கையாளர் போலக் காட்டிக்கொண்டு ரிவ்யூ எழுதக் கூடாது என்று சொல்கின்றன. 2022 நவம்பரில் இந்திய தர நிர்ணய அமைவனம் ஆன்லைன் ரிவ்யூக்களுக்கென்றே ஐஎஸ் 19000 என்று ஒரு தரநிலை கொண்டுவந்தது. விலைக்கு வாங்கிய ரிவ்யூக்களை வெளியிடக் கூடாது என்பது அதில் உண்டு. கட்டாயமாக இல்லாமல் தன்னார்வ அடிப்படையில்தான் வந்தது. அமெரிக்காவில் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதி கடுமையானது. "நல்லதாகவே எழுத வேண்டும்" என்று நிபந்தனை போட்டு, அதற்குப் பணமோ வேறு பலனோ கொடுத்தாலே தப்பு. நம் பிள்ளைகளின் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். 2015-ல் அமேசான், ஃபைவரில் ஐந்து டாலருக்குப் பொய் ரிவ்யூ எழுதித் தருவதாக விளம்பரம் போட்டவர்கள் 1,114 பேர் மீது வழக்குப் போட்டது. ஐந்து டாலர் வேலைக்குக் கோர்ட்டு.

ஆனால் பிடிபடும் பயத்தை மட்டும் காரணமாகச் சொன்னால் பிள்ளைகள் பிடிபடாத வழியைத்தான் தேடுவார்கள். கணக்கு முடக்கப்பட்டால், அதோடு நிஜமாகச் செய்த வேலைகளின் ரிவ்யூவும் சேர்ந்து போகும், வர வேண்டிய பணமும் நிற்கும். அதை அவர்களிடம் சொல்லிவையுங்கள், போதும்.

அப்படியானால் புதியவர்கள் என்னதான் செய்வது? "நேர்மையாக இரு" என்று சொல்லிவிட்டு நாம் சாப்பிடப் போய்விட்டால் அது வெறும் உபதேசம். நேர்மைக்கு விலை உண்டு, அந்த விலை இங்கே மாதக்கணக்கில் காத்திருப்பது. அதைக் குறைக்க நம்மால் முடியும்.

நம்மைச் சுற்றியே பாருங்கள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்து வெளிநாடு வரைக்கும் அனுப்புகிறார்கள். அவர்களில் எத்தனை பேரிடம் ஒழுங்கான ஆங்கிலக் கையேடு இருக்கிறது? ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைச் சொல்லும் நல்ல லேபிள் எத்தனை கடையில் இருக்கிறது? இந்த வேலைகளை நம் பிள்ளைகள் குறைந்த கூலிக்கு, ஆனால் கூலி வாங்கிக்கொண்டு, செய்யட்டும். செய்து முடித்தபின் அந்தக் கடைக்காரரே தன் பெயரில் நாலு வரி எழுதிக் கொடுக்கட்டும். தளத்துக்கு வெளியே செய்த வேலைக்கும் அந்த வாடிக்கையாளரிடம் சான்றுரை வாங்கிச் சேர்க்கும் வசதி சில தளங்களில் இருக்கிறது. பெயரில்லாத பத்து "அற்புதம்" கொடுக்காத நம்பிக்கையை, "இவர் செய்த லேபிளில் மூன்று திருத்தம் சொன்னோம், மறுநாளே முடித்துக் கொடுத்தார்" என்ற ஒரு வரி கொடுக்கும். குறையும் சேர்ந்து இருந்தால் இன்னும் நல்லது. ஐந்துக்கு ஐந்து மட்டுமே இருக்கும் பக்கத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது.

அடுத்ததாகச் சொல்வது பெரியவர்களுக்கு. ரிவ்யூ ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது? நாம் எழுதுவதில்லை, அதனால். நம் ஏ பிளாக்கில் மோட்டார் ரிப்பேர் பார்த்த தம்பி, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து சரிசெய்து கொடுத்தார். "தங்கமான பையன்" என்று எல்லோரும் சொன்னோம். அவருடைய கூகுள் பக்கத்தில் ஒருவர்கூட எழுதவில்லை, நேற்றுப் பார்த்தேன். வேலை வாங்காத ஆளுக்கு ஐந்து ஸ்டார் போடக் கட்டைவிரல் தயாராக இருக்கிறது, வேலை வாங்கின ஆளுக்கு நாலு வரி எழுத நேரமில்லை. டியூஷன் டீச்சர், தையல் அக்கா, கேக் செய்து தரும் நம் சி பிளாக் மேடம், இவர்களிடம் வாங்கியதை வாங்கியபடி எழுதினாலே பாதிப் பிரச்சினை தீரும். எழுதும்போது "பக்கத்து வீட்டுக்காரர்" என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள். அதனால் மதிப்புக் குறையாது.

இதையெல்லாம் வைத்துச் சங்கத்தின் முன் ஒரு கோரிக்கை வைக்கிறேன். நம் குழுவில் "ஸ்டார் போடுங்கள், நாங்களும் போடுகிறோம்" என்ற செய்தி இனி வேண்டாம். அதற்குப் பதில் இந்த இதழிலேயே ஒரு பக்கம் ஒதுக்குவோம். எந்த வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள், இதுவரை செய்த ஒரு வேலையின் மாதிரி, என்ன கூலி. தேவைப்படுபவர் வாங்கட்டும், வாங்கியவர் எழுதட்டும், பிடிக்காவிட்டால் அதையும் மரியாதையாக எழுதட்டும்.

பேச வருவதற்கு முன் ஒரு தாயார் தனியாக என்னிடம் ஒன்று கேட்டார்கள். பொதுவில் சொல்லலாம் என்று அனுமதியும் கொடுத்தார்கள். "என் பையன் ஏற்கெனவே ஏழெட்டு வாங்கிவிட்டான், இப்போது என்ன செய்ய?" அவனைத் திட்ட வேண்டாம். இனி வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். எழுதிய நண்பர்களே எடுக்க முடிந்தால் எடுத்துவிடட்டும். எடுக்க முடியாவிட்டால், புதிய வாடிக்கையாளரிடம் பேசும்போது அந்த ரிவ்யூக்களைக் காட்டி வேலை கேட்க வேண்டாம், செய்த வேலையின் மாதிரியைக் காட்டட்டும். நிஜ ரிவ்யூ நாலைந்து வந்தால் பழையது கீழே போய்விடும். முதல் நிஜ வேலைக்கு நம் சங்கத்தின் ஆண்டு அறிக்கை இருக்கிறது, வடிவமைக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம். கூலி 2,000 ரூபாய். அவனும் விண்ணப்பிக்கட்டும், அந்த லோகோ போடும் பெண்ணும் விண்ணப்பிக்கட்டும்.

தீர்மானத்தின் வரைவு செயலாளர் சாரிடம் இருக்கிறது, அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்வார்கள். ஆட்சேபம் இருப்பவர்கள் அவசியம் வந்து பேசுங்கள். குறிப்பாக அன்றைக்குக் கேள்வியை நீக்கிய உறுப்பினர் வர வேண்டும். வரைவில் "பண்டமாற்று" என்று ஒரு சொல் போட்டிருக்கிறேன், எனக்கே அதில் அவ்வளவு திருப்தியில்லை. வேறு நல்ல சொல் இருந்தால் கொண்டுவாருங்கள், மாற்றிக்கொள்ளலாம்.